மின்சார லாரி டெல்டாவில் கட்டுப்படியாகுமா? டீசல், சி.என்.ஜி., ரயிலோடு ஒரு கணக்கு

தஞ்சாவூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 340 கிலோமீட்டர். இன்று வாங்கக் கிடைக்கிற 55 டன் மின்சார டிரெய்லர்களில் ஒன்றான மோன்ட்ரா ரைனோ 5538-ல் இருப்பது 282 யூனிட் பேட்டரி. கம்பெனி சொல்லும் தூரம் 198 கிலோமீட்டர். வழியில் நின்று சார்ஜ் ஏற்றாமல் சென்னை போய்ச் சேராது. "அப்போ நமக்கு வேண்டாம்" என்று அங்கேயே முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. "வழியெல்லாம் சார்ஜர் வந்துருச்சே" என்று முன்பணம் கட்டப் போகிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் பார்ப்பது தூரத்தை. வண்டி ராத்திரி எங்கே வந்து நிற்கிறது, அங்கே யார் பெயரில் மீட்டர் இருக்கிறது, வருஷத்தில் எத்தனை நாள் அதற்கு லோடு இருக்கிறது என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

டெல்டாவில் ஓடும் லாரிகள் எல்லாம் நெடுந்தூர லாரிகள் அல்ல. கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கும் அரவை ஆலைக்கும் ரயில் கூட்ஸ் ஷெட்டுக்கும் போகிற நெல் பெரும்பாலும் 10 முதல் 40 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அரியலூர், டால்மியாபுரம் பக்கத்திலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை, நாகைக்கு வரும் சிமெண்ட் 50-லிருந்து 130 கிலோமீட்டர். காரைக்கால் துறைமுகத்தில் இறங்கி அரியலூர் பக்கம் போகும் நிலக்கரி 120-லிருந்து 140 கிலோமீட்டர். பட்டுக்கோட்டை, பேராவூரணித் தேங்காய், வேதாரண்யம் உப்பு, கேரளாவுக்குப் போகும் வைக்கோல், சென்னைக்குப் போகும் அரிசி இவைதான் நிஜமான தூரப் பயணம். இந்த எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி சரி என்று யாராவது சொன்னால் அவர் வண்டி விற்கிறவராக இருப்பார்.

கிலோமீட்டருக்கு எவ்வளவு?

55 டன் டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். போகும்போது முழு லோடு, வரும்போது காலி. டீசல் வண்டி இரண்டு பக்கமும் சேர்த்து சராசரியாக லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுத்தால், லிட்டர் 93 ரூபாய் கணக்கில் கிலோமீட்டருக்கு 31 ரூபாய். புகையைச் சுத்தமாக்க ஊற்றும் ஆட்ப்ளூ திரவத்தைச் சேர்த்தால் 32.

அதே வேலைக்கு மின்சார டிரெய்லர் லோடோடு 1.4 யூனிட்டும் காலியாக 0.85-லிருந்து 1 யூனிட்டும் தின்னும். சராசரி 1.2. சார்ஜரிலும் கேபிளிலும் போகிற இழப்பு பத்து சதவீதத்தைச் சேர்த்தால் மீட்டரில் ஓடுவது 1.32 யூனிட். சொந்த இணைப்பில் எல்லாக் கட்டணமும் சேர்த்து யூனிட் 10 ரூபாய் என்றால் 13 ரூபாய் சொச்சம். டீசலோடு பார்த்தால் கிலோமீட்டருக்கு 18, 19 ரூபாய் மிச்சம். ஆயில், ஃபில்டர், கிளட்ச் செலவு இல்லாததற்கும் பிரேக் லைனிங் தேய்மானம் குறைவதற்கும் சேர்த்து 20 ரூபாய் என்று வைக்கலாம்.

இதையே நெடுஞ்சாலைப் பொது சார்ஜரில் யூனிட் 22 ரூபாய்க்கு ஏற்றினால், சார்ஜர் இழப்பைச் சேர்க்காமலே கிலோமீட்டருக்கு 26 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மிச்சம் ஐந்து ரூபாய்தான். காத்திருக்கும் நேரத்தையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்தால் அதுவும் நிற்காது. சொந்த மீட்டரில் 20 ரூபாய், அடுத்தவன் மீட்டரில் 5 ரூபாய். மற்ற எல்லா வாதங்களும் இந்த வித்தியாசத்துக்குப் பிறகுதான்.

இப்போது விலை. மின்சார டிரெய்லர் ஒரு கோடிக்கு மேல். அதே வேலைக்கான டீசல் இழுவை வண்டி 40-லிருந்து 45 லட்சம். மானியம் கழித்து 60 லட்சம் கூடுதலாகப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தரை சதவீத வட்டியில் அந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும் முதல் வருஷ வட்டி 6 லட்சத்து 30 ஆயிரம்.

வண்டி தினம் 200 கிலோமீட்டர் வீதம் 300 நாள் ஓடினால் வருஷம் 60,000 கிலோமீட்டர், மிச்சம் 12 லட்சம். கூடுதல் கடன் அடைய ஏழரை வருஷம் ஆகும். பேட்டரி வாரண்டி ஐந்து வருஷம். கதைக்கு ஆகாது. தினம் 350 கிலோமீட்டர் ஓடினால் வருஷம் 1,05,000 கிலோமீட்டர், மிச்சம் 21 லட்சம். மூன்றரை வருஷத்துக்குச் சற்று மேலே கடன் தீர்ந்துவிடும். ஆக, மின்சார லாரிக்குத் தேவை குறைந்த தூரத்து நடைகள், ஆனால் நிறைய நடைகள். ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர், இரண்டு ஷிப்ட். ஒரு டிரைவர் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வரும்வரை வண்டியும் தூங்குகிற வழக்கம் இதற்கு ஒத்துவராது.

அரியலூர்–கும்பகோணம் சிமெண்ட் இந்த அளவுக்குள் வருகிறது. போக வர சுமார் 100 கிலோமீட்டர், ஒரு நாளில் மூன்று நடை, ஏற்றும் இடம் மாறாது. காரைக்கால் நிலக்கரி கொஞ்சம் இழுபறி. 130 கிலோமீட்டர் லோடோடு போக 182 யூனிட், காலியாகத் திரும்ப 110 யூனிட், மொத்தம் 292. பேட்டரியில் பத்து சதவீதத்தை எப்போதும் கைவைக்காமல் விட வேண்டும் என்பதால் பயன்படுத்த முடிவது 254. ஆலைப் பக்கம் இறக்கும் வரிசையிலேயே 40, 50 யூனிட் ஏற்ற வழி இருந்தால் ஓட்டலாம். ஆலைக்காரர் சார்ஜருக்கு இடம் கொடுப்பதாக வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதித் தர மறுத்தால் இறங்க வேண்டாம். வாய் வார்த்தையில் கொடுத்த இடம் அடுத்த மேலாளர் வந்ததும் போய்விடும்.

நெல்லுக்கு ஓட்டலாமா?

டெல்டாவில் எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். சாலை தட்டை, ஏற்றம் கிடையாது, தூரம் குறைவு, வேகம் குறைவு. வண்டியைப் பொறுத்தவரை இதைவிட நல்ல வேலை கிடைக்காது. டீசலுக்கோ இது மோசமான வேலை. பி.எஸ்.6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டியின் புகை வடிகட்டியில் சேரும் கரி எரிந்து சுத்தமாக, நெடுஞ்சாலையில் வண்டி சூடாக ஓட வேண்டும். நீடாமங்கலத்துக்கும் பக்கத்துக் கிராமத்துக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடி, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, மறுபடி பன்னிரண்டு ஓடினால் வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். அந்தத் தொல்லை மின்சார வண்டிக்கு இல்லை.

ஆனால் பருவம் இடிக்கிறது. குறுவை வரத்து இரண்டு மாதம், சம்பா–தாளடி வரத்து மூன்று மாதம். இடையில் மழை பிடித்தால் கொள்முதலே நிற்கும். வருஷத்தில் 150 நாள், நாளைக்கு 120 கிலோமீட்டர் என்றால் 18,000 கிலோமீட்டர். பெரிய டிரெய்லருக்கான 20 ரூபாய் மிச்சத்தையே போட்டாலும் 3 லட்சத்து 60 ஆயிரம். வட்டியில் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். நெல்லுக்கு ஓடும் சின்ன லாரியில் கூடுதல் விலையும் குறைவு, மிச்சமும் குறைவு, விகிதம் பெரிதாக மாறாது. நாமக்கல் பக்கம் கைமாறி வந்த பழைய டீசல் லாரி ஏழு மாதம் செட்டில் நின்றாலும் யாரையும் கடிக்காது. ஒரு கோடி ரூபாய் வண்டி நின்றால் தினம் கடிக்கும்.

நெல் இயக்கத்துக்கு மின்சார லாரி வாங்கலாம், மற்ற மாதங்களில் சிமெண்டோ உரமோ ரேஷன் அரிசியோ ஓட்ட எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால். அந்த ஒப்பந்தம்தான் முதலீடு, நெல் அதன் மேல் வரும் கூடுதல் வரும்படி.

எடைக் கணக்கும் உண்டு. 282 யூனிட் பேட்டரி சுமார் இரண்டு டன். எஞ்சின், டீசல் டேங்க், சைலன்சர் போனதைக் கழித்தால் ஒரு டன் அளவுக்கு லோடு குறையும். 40 கிலோ மூட்டையில் 25 மூட்டை. அதிகபட்ச எடைவரை ஏற்றும் சிமெண்ட், நெல், உப்புக்கு இது நடைக்கு நடை நஷ்டம். வைக்கோலுக்கு இந்தக் கவலை இல்லை, எடை நிரம்புவதற்கு முன்பே இடம் நிரம்பிவிடும். ஆனால் உயரக் கட்டிய வைக்கோல் காற்றை வாங்கி யூனிட்டைத் தின்னும். அது போக வேண்டிய கேரளத்து மலை ஏற்றமும் சேர்ந்தால் டீசலைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை.

சென்னைப் பயணம், படிப்படியாக

தஞ்சாவூரில் முழு சார்ஜில் கிளம்பினால் விக்கிரவாண்டி வரை 165 கிலோமீட்டர், லோடோடு 231 யூனிட். அங்கே சேரும்போது மீதி 18 சதவீதம். டிரைவர் பதறாமல் ஓட்ட அது போதும், எதிர்க்காற்றும் காற்றுக் குறைந்த டயரும் சேர்ந்தால் போதாது. அங்கிருந்து சென்னை 175 கிலோமீட்டருக்கு 245 யூனிட் வேண்டும். கையிருப்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட முழுதாக ஏற்றியாக வேண்டும்.

240 கிலோவாட் சார்ஜரில் 80 சதவீதம் வரை முக்கால் மணி நேரம். கடைசி இருபது சதவீதத்தைப் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும், அது இன்னொரு அரை மணி. ஆக ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம். கார்களுக்கு வைத்த 60 கிலோவாட் சார்ஜர்தான் கிடைத்தது என்றால் நான்கு மணி நேரம். அதுவும் வண்டியை உள்ளே விட முடிந்தால். கார் சார்ஜர் மேடைகளின் கூரை உயரம் லாரிக்குப் போதாது. டிரெய்லரை நிறுத்தினால் மற்றவருக்கு வழி இருக்காது. கேபிள் நீளம் வண்டியின் சாக்கெட்டை எட்டாது. கைபேசிச் செயலியில் பச்சைப் புள்ளி காட்டுகிறது என்பதற்காக அதை லாரி சார்ஜர் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் நடைக்கு முன் காரில் போய், கூரையையும் திருப்பும் இடத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டு வருவது ஒரு நாள் வேலை.

திரும்பி வரும்போது மறுபடி அதே கதை. டீசல் வண்டி ரிட்டர்ன் லோடுக்காகச் சென்னையில் இரண்டு நாள் எந்த ஓரத்திலும் நிற்கும், அங்கிருந்து ஓசூருக்கு லோடு கிடைத்தால் ஓசூருக்கும் போகும். மின்சார வண்டிக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. நகருக்குள் கனரக வண்டிக்குப் பகல் நேரக் கட்டுப்பாடு இருப்பதால் வந்து சேரும் நேரம் தள்ளிப்போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். விக்கிரவாண்டியில் ஒரு சார்ஜர் பழுதானாலே அந்தப் பகல் போச்சு.

வழியில் நின்றுவிட்டால்? டீசல் என்றால் சேத்தியாத்தோப்பில் ஒரு மெக்கானிக், பண்ருட்டியில் ஒரு மெக்கானிக். உயர் மின்னழுத்த வண்டியின் ஆரஞ்சு நிறக் கேபிளில் கம்பெனி ஆள் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. கயிறு கட்டி இழுப்பதும் ஆபத்து: பின்சக்கரம் சுழன்றால் மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் பிறக்கும். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்க வேண்டும், அல்லது லோ-பெட் எனும் தாழ்தள டிரெய்லரில் ஏற்ற வேண்டும். டெல்டாவுக்கு எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும் என்பதை விற்பவரிடம் எழுதி வாங்குங்கள்.

பேட்டரி மாற்றும் நிலையம் வந்தால் இந்தக் கணக்கு மாறும். ஆறேழு நிமிடத்தில் பேட்டரியைக் கழற்றி மாட்டும் லாரிகள் இந்தியாவிலேயே வந்துவிட்டன. விக்கிரவாண்டியிலோ திண்டிவனத்திலோ நிலையம் வரும் வரை அது நமக்குச் செய்தி மட்டும்தான்.

உண்மையில் டெல்டா நெல் நெடுந்தூரம் போக மின்சார வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. திருச்சி–தஞ்சை–திருவாரூர்–காரைக்கால் ரயில் தடம் மின்மயமாகிவிட்டது. 42 வேகன்களில் 2,000 டன் நெல் ஒரே மூச்சில் வட மாவட்டங்களுக்குப் போகிறது. பத்து டன் லாரியில் 200 லோடு அது. 300 கிலோமீட்டருக்கு மேல், ஒரே இடத்துக்கு, மொத்தமாக என்றால் எந்த லாரியும் இதோடு போட்டி போட முடியாது. ரயிலின் குறை இரண்டு முனையிலும் இருக்கிறது: இரண்டு தடவை கூடுதலாக ஏற்றி இறக்க வேண்டும், முழு ரயிலுக்குச் சரக்கு சேர வேண்டும். தனியார் அரிசி ஆலை 25 டன் அனுப்ப ரயில் உதவாது. ஆனால் கூட்ஸ் ஷெட்டுக்குக் கொண்டு சேர்க்கும் அந்த இருபது கிலோமீட்டர் மின்சார லாரிக்கு ஏற்ற இடம்.

சி.என்.ஜி. பற்றி நீட்ட வேண்டியதில்லை. தட்டை நிலத்தில் நடுத்தர லாரிக்கு நன்றாக இழுக்கிறது, விலை டீசல் வண்டியோடு பெரிய வித்தியாசமில்லை. பங்க் வரிசையும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டர் அழுத்தப் பரிசோதனையும்தான் தொல்லை. வருஷம் 40,000 கிலோமீட்டர் ஓட்டி, மின்சாரத்துக்கு முதல் போட முடியாதவருக்கு இது நடு வழி.

குட்டி யானை அளவில் முடிவு எளிது. டாடா ஏஸ் இ.வி. 21.3 யூனிட் பேட்டரி, கம்பெனிக் கணக்கில் 154 கிலோமீட்டர். லோடோடு நூறு கிலோமீட்டரை நம்பலாம். கும்பகோணம் காய்கறிச் சந்தையிலிருந்து சுற்று வட்டாரக் கடைகளுக்குப் போடுகிறவர், கேன் தண்ணீர், பால், வெற்றிலைக் கட்டு ஏற்றுகிறவர் ராத்திரி வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்ளலாம். கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் மிச்சம். தினம் 100 கிலோமீட்டர் ஓடினால் வருஷத்துக்கு 90,000.

நம் மண்ணுக்கே உரிய தொல்லைகள்

பேட்டரிப் பெட்டி தண்ணீர் புகாதபடிதான் கட்டப்படுகிறது. ஐ.பி.67 தரம் என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். ஐப்பசியில் நான்கு நாள் தண்ணீர் கட்டிய செட்டில் நிற்கலாம் என்று பொருளில்லை. மழைக்காலத்தில் வண்டியைச் சாலை மட்டத்துக்கு மேல் மேடேற்றிய தளத்தில் நிறுத்துங்கள். சார்ஜரின் அடித்தளம் அதற்கும் மேலே இருக்க வேண்டும். 2018 நவம்பர் கஜா புயலில் வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு வாரத்தில் நிவாரணச் சரக்கு ஓட்டப் போவது டீசல் வண்டிதான். ஐந்து வண்டி வைத்திருப்பவர் ஐந்தையும் மின்சாரமாக்காமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

நெல் தூசும் பதரும் ரேடியேட்டர் இடுக்கில் அடையும். டீசலில் எஞ்சின் சூடாகும், டிரைவருக்குத் தெரியும். மின்சார வண்டியில் பேட்டரியைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் அடைத்தால் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் சார்ஜ் வேகத்தையும் இழுவையையும் குறைக்கும். பேட்டரி போய்விட்டது என்று பயந்து கம்பெனிக்குப் போன் போடுவார்கள். சீசனில் வாரம் ஒருமுறை உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்று அடித்தால் சரியாகிவிடும். பிரஷர் வாஷர் தண்ணீரைக் கனெக்டர்கள் மேல் நேராக அடிக்கக் கூடாது.

அடுத்து எலி. அரிசிக் கிடங்கில் நிற்கும் வண்டியின் வயரை எலி கடிப்பது புதிதல்ல. டீசலில் ஐந்நூறு ரூபாய்க்கு ஒட்டுப் போட்ட வேலை, இங்கே முழு வயர் கட்டையே மாற்றும் வேலையாகலாம். காப்பீட்டில் எலிக்கடி சேருமா என்று பாலிசி போடும்போதே கேளுங்கள். வேதாரண்யம், நாகைப் பக்கம் உப்புக் காற்றில் சார்ஜர் துப்பாக்கியின் ஊசிகள் பச்சை படியும். மூடியைத் திறந்து போட்டுவிட்டுப் போகும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதி குறையும்.

சித்திரை வெயிலில் நடுப்பகல் வேகச் சார்ஜ் மெதுவாகும். ஆனால் மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதலில் காலை 9 முதல் மாலை 4 வரைதான் குறைந்த கட்டணம். வண்டியையும் சார்ஜரையும் கூரைக்கு அடியில் வைத்தால் வேகம், குறைந்த கட்டணம் இரண்டும் கிடைக்கும். ஓட்டமில்லாத மாதங்களில் வண்டியை முழு சார்ஜில் விட்டுவிடாதீர்கள், ஐம்பது சதவீதத்தில் நிறுத்துங்கள்.

வாங்கும்போது

மின்சார வண்டிகளுக்கான மத்திய அரசு மானியத் திட்டமான பி.எம். இ-டிரைவில் 2025 ஜூலையில் வெளியான விதிப்படி லாரிக்கு அதிகபட்ச மானியம் 9 லட்சத்து 60 ஆயிரம். பழைய லாரியை உடைத்த சான்றிதழ் கட்டாயம். செட்டில் துருப்பிடித்து நிற்கும் வண்டி இப்போது காசு. வாரண்டி பேட்டரிக்கு ஐந்து வருஷம் அல்லது 5 லட்சம் கிலோமீட்டர், மோட்டாருக்கு ஐந்து வருஷம் அல்லது 2.5 லட்சம் கிலோமீட்டர். மேலே சொன்ன 350 கிலோமீட்டர் ஓட்டத்தில் மோட்டார் வாரண்டி இரண்டரை வருஷத்துக்குள் முடிந்துவிடும், கடன் முடிவதற்கு முன்பே. நீட்டித்த வாரண்டியின் விலையை வண்டி விலையோடு சேர்த்தே பேசுங்கள்.

ஜி.எஸ்.டி. மின்சார வண்டிக்கு 5, டீசலுக்கு 18 சதவீதம். மின்சார வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று 2018 அக்டோபரிலேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. பழைய மின்சார லாரிக்கு வாங்க ஆள் இன்னும் உருவாகவில்லை என்பதால் மறுவிற்பனையைச் சுழி என்று போட்டே கணக்குப் பாருங்கள்.

லாரிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் மின்வாரியத்தில் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். 240 கிலோவாட் சார்ஜருக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வேண்டும். அந்தச் செலவு மேலே போட்ட கணக்கில் இல்லை, நான்கைந்து வண்டிக்குப் பங்கிட்டால்தான் தாங்கும். ஒன்றிரண்டு வண்டிக்கு 60 கிலோவாட் போதும், ராத்திரியில் ஐந்து மணி நேரத்தில் ஏறிவிடும். கிராமத்துக் கடைக்கோடி மின்பாதை என்றால் அதுவும் சிரமம், மாலையில் மின்னழுத்தம் இறங்கும்போது சார்ஜர் தானாக நின்றுவிடும். ஒரு வாரம் மூன்று பேஸிலும் மின்னழுத்தத்தை இரவு பகலாகப் பதிவு செய்து பாருங்கள். எர்த் குழியையும் கோடையில் அளக்க வேண்டும்: மழையில் ஈரம் ஊறிய நம் களிமண் நன்றாகக் காட்டும், வைகாசியில் வெடித்துக் காய்ந்ததும் அதே குழி காலை வாரும். வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற ஒரு ஆளைச் சொல்லி வைக்க வேண்டும்.